புது அவுட்லுக்கில் காணாமல் போன பொத்தான்கள்

விண்டோஸ் கணினியில் அவுட்லுக் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சின்ன சுவிட்ச் தெரிந்திருக்கும். திரையின் வலது மேல் மூலையில் நின்று, புதிய அவுட்லுக்குக்கு வரச் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கும். தள்ளிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மெயில் வேறு முகத்தோடு திறக்கும். பளிச்சென்ற திரை, நெரிசல் இல்லாத பொத்தான் வரிசை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. வேலையைத் தொடங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். வக்கீல் ஆபீஸில் மெயிலைக் கேஸ் ஃபைலில் சேர்த்த பொத்தானைக் காணோம். ஆடிட்டர் ஆபீஸில் வந்த இணைப்புகளை எல்லாம் ஒரே அடியில் ஃபோல்டரில் போட்ட மேக்ரோவைக் காணோம். ஏற்றுமதி நிறுவனத்தில் வாடிக்கையாளரின் பழைய ஆர்டர்களை மெயிலுக்குப் பக்கத்திலேயே காட்டிய பலகையும் இல்லை. அவை எதுவும் கெட்டுப்போகவில்லை. புதிய மென்பொருள் அவற்றை ஏற்றுவதே இல்லை.

மைக்ரோசாஃப்ட் தெரிந்தே எடுத்த முடிவு இது. புதிய அவுட்லுக்கில் பழைய ‘காம்’ ஆட்-இன்கள் ஓடாது, விபிஏ மேக்ரோ ஓடாது. ‘வெப் ஆட்-இன்’ என்ற ஒரே வகைதான் ஓடும். இந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான விலையைப் பெரிய நிறுவனங்களைவிடச் சிறிய அலுவலகங்களே அதிகம் கொடுக்கப்போகின்றன. தன் வேலைக்குத் தேவையான கருவியைத் தானே செய்துகொள்ள ஒரு சாதாரண அலுவலக ஊழியருக்கு இருந்த வாய்ப்பு, எந்த ஆரவாரமும் இல்லாமல் பறிபோகிறது. மற்ற குறைகளை எல்லாம் காலப்போக்கில் சரிசெய்துவிடலாம். எனக்குப் பெரிதாகப் படுவது இந்த ஒன்றுதான்.

எல்லாம் செய்த பழைய ஆட்-இன்

அவுட்லுக் 1997-ல் வந்தது. வெளியார் எழுதும் நிரல்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்தது ‘அவுட்லுக் 2000’ பதிப்பு. அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காம் ஆட்-இன். இது சி++, விஷுவல் பேசிக் போன்ற மொழியில் எழுதிய ஒரு டிஎல்எல் கோப்பு. அவுட்லுக் திறக்கும்போதே அதே ப்ராசஸுக்குள், அதே நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். இன்னொன்று விபிஏ. ஆல்ட்டும் எஃப்11-உம் சேர்த்து அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் யார் வேண்டுமானாலும் மேக்ரோ எழுதலாம்.

காம் ஆட்-இன்னால் முடியாத வேலை என்று அநேகமாக எதுவும் இருக்கவில்லை. மெயில் வந்து விழுந்ததுமே அதற்குத் தெரிந்துவிடும். எந்த ஃபோல்டரில் எதை இழுத்துப் போட்டீர்கள் என்பதைக் கவனிக்கும். ஹார்ட் டிஸ்க்கில் கோப்பைத் திறக்கும், எழுதும். எக்செல்லையும் வேர்டையும் கூப்பிட்டு வேலை வாங்கும். ‘அனுப்பு’ அழுத்தியதும் இடைமறித்துத் தன் சொந்த ஜன்னலைக் காட்டும். ஸ்பாம்பேய்ஸ் என்ற திறந்தமூல ஸ்பாம் வடிகட்டியைப் பலர் மறந்திருப்பார்கள். பைத்தானில் எழுதப்பட்ட ஆட்-இன் அது. நீங்கள் குப்பை என்று தள்ளிய மெயில்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அடுத்து வருவதைத் தானே பிரித்து வைக்கும். தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தது. எந்தக் கடையிலும் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தையும் உலகம் பார்த்தது. 1999 மார்ச் 26 அன்று வெளிப்பட்ட மெலிசா, வேர்டு கோப்புக்குள் ஒளிந்திருந்த மேக்ரோ. கோப்பைத் திறந்தால் அவுட்லுக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டு முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ ஐம்பதோடு நிற்கவில்லை. பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போனது. நல்ல ஆட்-இன்கள் எந்த வழியில் முகவரிகளை எடுத்தனவோ, மெயில் அனுப்பினவோ, இவையும் அதே வழியில்தான் செய்தன. பிறகுதான் ‘ஒரு நிரல் உங்கள் முகவரிகளை எடுக்க முயல்கிறது, அனுமதிக்கலாமா’ என்று கேட்கும் எச்சரிக்கைப் பெட்டி வந்தது.

வைரஸ் இல்லாத நாட்களிலும் தொல்லை இருந்தது. ஒரே ப்ராசஸுக்குள் இருப்பதால் ஓர் ஆட்-இன் விழுந்தால் அவுட்லுக்கும் சேர்ந்து விழும். ஒன்று தயங்கினால் திரை முழுவதும் உறையும். ‘அவுட்லுக் 2013’ இதற்கென்றே ஒரு கண்காணிப்பை வைத்தது. தொடர்ந்து ஐந்து முறை திறப்பதைக் கணக்கெடுத்து, ஒரு நொடிக்கு மேல் இழுத்தடிக்கும் ஆட்-இன்னைத் தானே முடக்கிவிடும். ‘நேற்று இருந்த பொத்தான் இன்று எங்கே’ என்று ஐடி பிரிவுக்குப் போன் போட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். அப்போது நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே பழைய முறை இப்படியே நீடித்திருக்க வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது. நானும் வாதாடவில்லை.

பிரவுசருக்குள் வந்த மெயில்

புதிய அவுட்லுக் 2022-ல் சோதனைப் பதிப்பாக வந்தது. நிறுவனப் பயனர்களுக்கு 2024 ஆகஸ்டில் முழுமையாக வெளியிடப்பட்டது. விண்டோஸோடு இலவசமாக வந்த ‘மெயில்’ செயலிக்கு 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்தி, அந்த இடத்தையும் இதற்கே கொடுத்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு சரக்கு. இணையத்தில் திறக்கும் அவுட்லுக்கையே ‘வெப்வியூ2’ என்ற எட்ஜ் பிரவுசர் பாகத்துக்குள் வைத்து டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரவுசர் பக்கத்துக்குள் டிஎல்எல் கோப்பு ஏறாது. எனவே காம் ஆட்-இன்னுக்கு அங்கே இடம் இல்லை.

வெப் ஆட்-இன் புதிதாக முளைத்ததல்ல. ‘ஆஃபீஸ் 2013’ காலத்திலிருந்தே இருக்கிறது. ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாலும் எழுதிய ஒரு குட்டி வலைப்பக்கம் அது. அந்தப் பக்கம் ஆட்-இன் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அது எங்கே இருக்கிறது, எந்த அனுமதி வேண்டும், எந்த இடத்தில் பொத்தான் காட்ட வேண்டும் என்று சொல்லும் ‘மேனிஃபெஸ்ட்’ கோப்பு மட்டும் உங்கள் அஞ்சல்பெட்டியோடு சேரும். பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பலகை திறந்து அந்தப் பக்கம் வந்து நிற்கும். திறந்திருக்கும் மெயிலைப் பற்றி அவுட்லுக்கிடம் கேட்கும். அவுட்லுக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். பழைய ஆட்-இன் சமையலறை வரை போய்வந்த உறவுக்காரர் என்றால், இது திண்ணையில் உட்கார்ந்து கூப்பிட்டால் மட்டும் பேசும் விருந்தாளி.

இதில் நன்மை உண்டு. ஒரே ஆட்-இன் விண்டோஸ், மேக், பிரவுசர் மூன்றிலும் ஓடும். அது விழுந்தாலும் மெயில் விழாது. எந்த ஆட்-இன்னுக்கு எவ்வளவு அனுமதி என்பதை நிர்வாகி ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம், வேண்டாம் என்றால் எடுக்கலாம். ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு இது பெரிய நிம்மதி.

வேலையில் இறங்கிப் பார்த்தால்

ஒரு வக்கீல் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு ஃபோல்டர். காலையில் வந்ததும் குமாஸ்தா முந்தைய நாள் மெயில்களைப் பிடித்து அந்தந்த ஃபோல்டரில் இழுத்துப் போடுவார். பின்னணியில் காம் ஆட்-இன் அதைக் கவனித்து, ஒவ்வொரு மெயிலையும் இணைப்போடு ஆவணக் களஞ்சியத்தில் வழக்கு எண் போட்டுச் சேர்த்துவிடும். குமாஸ்தாவுக்கு ஆட்-இன் ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது.

வெப் ஆட்-இன்னால் இதை இதே விதத்தில் செய்ய முடியாது. ஃபோல்டரில் நடப்பதைக் கவனிக்கும் வசதி அதற்குக் கொடுக்கப்படவில்லை. முதலில் பலகையைத் திறக்க வேண்டும். மெயில்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பலகைக்குள் இழுத்துப் போட வேண்டும். பிறகு வழக்கைத் தேடி, பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மெயில்களைத் தேர்ந்தெடுத்து ஆட்-இன்னிடம் கொடுக்கும் வசதியே தாமதமாகத்தான் வந்தது; அதற்கும் ஒரு தடவைக்கு 100 என்ற வரம்பு. டிஸ்க்கில் சேமித்து வைத்த மெயில் கோப்பைத் திறந்தால் ஆட்-இன் எழும்பாது. மெயிலுக்குள் இணைப்பாக வந்த இன்னொரு மெயிலைத் திறந்தாலும் எழும்பாது. பொது ஃபோல்டர், ஆவண அஞ்சல்பெட்டி இரண்டிலும் அதே கதை. வக்கீல்கள் அதிகம் தோண்டுவது இந்த இடங்களில்தான்.

ஒரு மெயிலோடு ஆட்-இன் ஒட்டிவைக்கும் குறிப்புகள் 2,500 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். பயனருக்கான அமைப்புகளுக்கு 32 கிலோபைட். பலகையின் அகலமோ கைப்பேசித் திரை அளவுதான். மெயில் பட்டியலில் தனக்கென்று ஒரு நெடுவரிசை போட முடியாது. ‘இந்த மெயிலுக்கு மூன்று நாளாகப் பதில் போகவில்லை’ என்று பட்டியலிலேயே ஆட்-இன் தன் நெடுவரிசையில் காட்டிய வசதி இதனால் போயிற்று. மெயில்களைத் திறக்காமலே மேலோட்டமாகப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேலாளருக்கு இது சின்ன இழப்பு அல்ல.

‘அனுப்பு’ அழுத்தும் கணத்தை மைக்ரோசாஃப்ட் ஓரளவு நன்றாகவே கையாண்டிருக்கிறது. தவறான ஆளுக்கு மெயில் போகாமல் தடுக்கும் ஆட்-இன்களுக்கு உயிர்நாடி இந்தக் கணம்தான். இதற்காக ‘ஸ்மார்ட் அலர்ட்ஸ்’ வந்தது. அனுப்பும்போது ஆட்-இன்னின் ஜாவாஸ்கிரிப்ட் எழும்பிப் பெறுநரையும் இணைப்பையும் சரிபார்க்கும், தப்பிருந்தால் நிறுத்தும். பழைய ஆட்-இன் இந்த இடத்தில் தன் சொந்த ஜன்னலைத் திறந்து, ஒவ்வொரு வெளிமுகவரிக்கும் எதிரே டிக் போட்டால்தான் விடுவேன் என்று அடம்பிடிக்கும். புதியதில் அவுட்லுக் காட்டும் பெட்டிதான் முதலில் வரும். ஒரு சின்ன விளக்கம், இரண்டு மூன்று பொத்தான்கள். டிக் போடுகிற மாதிரியான விவரமான சோதனைக்குப் பலகையைத் திறந்து அங்கே போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஆட்-இன் பதில் சொல்ல வேண்டும் என்ற கெடுவும் உண்டு. ஆட்-இன்னின் சர்வர் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியமான கேள்வி. அது எந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மென்மையான முறை என்றால் மெயில் சோதனை இல்லாமலே போய்விடும். கடுமையான முறை என்றால் சர்வர் எழும்வரை ஆபீஸ் முழுக்க எந்த மெயிலும் போகாது. ஆட்-இன் வாங்கும்போது விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கேட்பவர்கள் குறைவு.

வந்து விழும் மெயிலுக்கு இவ்வளவுகூட இல்லை. புதிய மெயில் வந்ததும் ஆட்-இன்னை எழுப்பும் நிகழ்வு எதுவும் வெப் ஆட்-இன்னுக்குக் கிடையாது. ஸ்பாம்பேய்ஸ் மாதிரி ஒன்றைப் புதிய அவுட்லுக்குக்குள் இன்று எழுத நினைத்தால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

யாருடைய சர்வர்?

காம் ஆட்-இன் உங்கள் கணினியில் இருந்த ஒரு கோப்பு. செய்த நிறுவனம் கடையை மூடிய பிறகும் அது பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது. வெப் ஆட்-இன் அப்படி ஓடாது. ஒவ்வொரு முறையும் சர்வரிலிருந்து இறங்கி வர வேண்டும். சர்வர் இல்லை என்றால் ஆட்-இன்னும் இல்லை. நிறுவனம் இரவில் நிரலை மாற்றினால் காலையில் உங்களுக்கும் மாறியிருக்கும். பழைய பதிப்பே போதும் என்று நீங்கள் சொல்வதற்கு வழியில்லை.

மைக்ரோசாஃப்ட் சொன்னபடி புதிய முறைக்கு முன்கூட்டியே மாறியவர்களும் நிம்மதியாக இல்லை. வெப் ஆட்-இன்கள் அஞ்சல்பெட்டியை அணுகப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் பழைய டோக்கன்களை 2025-ல் அணைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இடபிள்யூஎஸ் என்ற பழைய சேவையை 2026 அக்டோபரில் இருந்து மூடத் தொடங்குவதாக 2023-லேயே அறிவித்தார்கள். பாதுகாப்பு நோக்கில் இரண்டும் சரியான நடவடிக்கைகள். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஓர் ஆட்-இன் நிறுவனம், வாடிக்கையாளருக்குப் புதிதாக எதுவும் தராமல், இருப்பதை இருந்தபடி ஓட வைக்கவே மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட சிறிய நிறுவனங்கள்தான் வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் மலிவாகக் கருவி செய்து கொடுத்தவை.

இன்னொரு தடை பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. வெப் ஆட்-இன் எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365, அவுட்லுக்.காம் கணக்குகளோடுதான் வேலை செய்யும். ஐமேப், பாப் கணக்கு என்றால் ஆட்-இன் கிடையாது. இணையதளத்தோடு சேர்த்து ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த மெயிலை அவுட்லுக்கில் போட்டு ஓட்டும் சிறு தொழில்காரர்களுக்குக் குறையுள்ள ஆட்-இன்கூட இல்லை, சுத்தமாக எதுவுமே இல்லை. பழைய அவுட்லுக்கில் இந்தப் பாகுபாடு இருந்ததில்லை. போதாததற்கு, இப்படிப்பட்ட வெளிக் கணக்கைப் புதிய அவுட்லுக்கில் சேர்த்தால் அந்த மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்ட்டின் மேகத்துக்கும் போகிறது. 2023 நவம்பரில் ஜெர்மனியின் தொழில்நுட்ப ஊடகங்கள் இதை எழுதியபோது, அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையரே கவலை தெரிவித்தார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மைக்ரோசாஃப்ட் மட்டும் இந்தப் பாதையில் போகவில்லை. ஆப்பிள் 2021-ல் ‘மெயில்கிட்’ என்ற கட்டுப்பாடான முறையைக் கொண்டுவந்தது. 2023-ல் வந்த மேக் பதிப்பான சோனோமாவில் பழைய மெயில் ப்ளக்-இன்களை அடியோடு நிறுத்தியது. மெயில்கிட் அனுமதிப்பது குறிப்பிட்ட நான்கு வகை வேலைகளை மட்டும். அதற்குள் அடங்காத ப்ளக்-இன்கள் அங்கேயே முடிந்தன.

திறந்தமூல மெயில் மென்பொருளான தண்டர்பேர்டின் கதை எனக்கு அதிகம் பிடிக்கிறது. 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பில் அதுவும் பழைய வகை நீட்சிகளை விட்டுவிட்டது. மெயிலைப் பூட்டி அனுப்ப உதவிய எனிக்மெயில் அதில் ஓட வழியில்லாமல் போனது. பத்திரிகையாளர்களும் மனித உரிமைக்காரர்களும் நம்பியிருந்த கருவி அது. தண்டர்பேர்ட் குழு என்ன செய்தது? எனிக்மெயில் செய்த வேலையைத் தன் மென்பொருளுக்குள்ளேயே சேர்த்து, அதே 78 வரிசையில் வெளியிட்டது. எனிக்மெயிலை எழுதியவரும் அந்த மாற்றத்துக்கு உதவினார். தவிர, புதிய முறைக்குள் அடங்காத நீட்சிகளுக்கு ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்று தனி வழியை விட்டுவைத்திருக்கிறது. நிறுவும்போது ‘இது உங்கள் கணினி முழுவதையும் அணுகும்’ என்று பயனரிடம் சொல்லிவிடும். முடிவு பயனர் கையில். பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகக் கையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று காட்ட எனக்கு இந்த ஓர் உதாரணம் போதும். மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கும் ஆள்பலத்தில் ஒரு துளிகூட தண்டர்பேர்டிடம் இல்லை.

மேக்ரோ எழுதிய கணக்கர்

விபிஏ மேக்ரோவைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதை எழுதியவர்கள் நிரலாளர்கள் அல்ல; கணக்கர்கள், அலுவலக உதவியாளர்கள், கிடங்குப் பொறுப்பாளர்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டும், பார்த்து எழுதியும், பத்து இருபது வரிகளில் தங்கள் தலைவலியைத் தீர்த்துக்கொண்டவர்கள்.

ஒரு மேக்ரோவைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வரும் மெயிலின் தலைப்பில் ‘இன்வாய்ஸ்’ என்று இருந்தால், இணைப்பை எடுத்து, கோப்பின் பெயருக்கு முன்னால் தேதியைச் சேர்த்து, டி டிரைவில் அந்த மாத ஃபோல்டரில் போட வேண்டும். விபிஏ-வில் இதற்கு ஒரு பக்கம்கூட ஆகாது. எழுதிய அன்றே ஓடத் தொடங்கும். யாரிடமும் கேட்க வேண்டாம், மாதச் சந்தா இல்லை.

இதையே வெப் ஆட்-இன்னாக எழுத வேண்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருக்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் உள்ள சர்வர் வேண்டும். மேனிஃபெஸ்ட் எழுத வேண்டும். ஆபீஸில் மற்றவர்களுக்கும் போய்ச்சேர நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் அது ஓடாது. மெயில் வந்தது அதற்குத் தெரியாது, டி டிரைவில் அதனால் எழுதவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் கைகாட்டும் மாற்று ‘பவர் ஆட்டோமேட்’. நிறுவனக் கணக்கு இருந்தால் இந்த வேலையை அதில் செய்துவிடலாம், எழுதவும் கடினமில்லை. ஆனால் கோப்பு ஒன்டிரைவுக்குப் போகும். உங்கள் கணினியின் ஃபோல்டருக்கே வர வேண்டும் என்றால் ‘கேட்வே’ என்று தனியாக ஒன்றை நிறுவ வேண்டும். கணக்கர் அங்கேயே கையை விரித்துவிடுவார். விரித்துவிட்டு, நாளுக்கு முப்பது நாற்பது இணைப்புகளைக் கையால் பெயர் மாற்றிச் சேமிக்கத் தொடங்குவார். இப்படி வீணாகும் மணிநேரங்கள் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை.

ஆபத்து இல்லாத ஒரு குட்டி மேக்ரோ முறையைப் புதிய அவுட்லுக்கில் கொடுக்க முடியாதா? எக்செல்லில் அதைச் செய்திருக்கிறார்களே. ‘ஆஃபீஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பெயரில், பிரவுசரில் ஓடும் எக்செல்லில் பயனரே சின்ன நிரல் எழுதி ஓட்டலாம். எல்லை வகுத்த, நிர்வாகி அணைக்கக்கூடிய ஏற்பாடு அது. மெயிலுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பயனர்கள் விடாமல் கேட்க வேண்டும். பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லியிருக்கிறது. கேட்பதற்கும் செய்து கொடுப்பதற்கும் அந்த அவகாசம் போதும்.

அதுவரை அலுவலகங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பழைய அவுட்லுக்கில் ஃபைல் மெனுவுக்குப் போய், ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் பகுதியைத் திறந்தால் முழுப் பட்டியலும் வரும். அதில் ‘காம் ஆட்-இன்’ என்று வகை போட்டிருப்பவை எல்லாம் புதியதில் ஓடாதவை. ஒவ்வொன்றுக்கும் வெப் பதிப்பு இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இருக்கிறது என்றால், உங்கள் ஆள் அன்றாடம் செய்யும் வேலையை அதில் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பிஎஸ்டி கோப்புகளில் பழைய மெயில் வைத்திருப்பவர்கள் பழைய அவுட்லுக்கை அவசரப்பட்டு நீக்கவும் கூடாது. புதியது அந்தக் கோப்புகளைத் திறக்கவே பழையதும் கணினியில் இருக்க வேண்டியிருக்கிறது.

மேக்ரோ இருந்தால், அவை அனைத்தும் ‘விபிஏப்ராஜெக்ட்.ஓடிஎம்’ என்ற ஒரே கோப்பில் இருக்கும். பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று வரிசையாகப் போனால் கிடைக்கும். கணினி மாற்றும்போது பலர் தொலைக்கும் கோப்பு இது. இன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள். எழுதியவர் இன்னும் ஆபீஸில் இருந்தால், ஒவ்வொரு மேக்ரோவும் என்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். நாளைக்கு அதை வேறு எந்த முறையில் திருப்பி எழுதுவதாக இருந்தாலும், எழுதுபவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.